பின்னால் இடித்தவர்தான் குற்றவாளியா?

செங்கல்பட்டைத் தாண்டித் திருச்சி நோக்கிப் போகும் நான்குவழிச் சாலை. அதிகாலை நேரம். சர்வீஸ் ரோட்டில் வந்த குட்டியானை என்ற சிறு சரக்கு வண்டி ஒன்று தேங்காய்ச் சுமையோடு தடுப்புச்சுவர் இடைவெளி வழியாக மெயின் ரோட்டில் ஏறுகிறது. பின்னால் வந்த கார் அதன் முதுகில் மோதுகிறது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. தேங்காய்கள் மட்டும் சாலை முழுக்க உருள்கின்றன.

"திடீர்னு உள்ள வந்துட்டான் சார்" என்கிறார் கார்க்காரர். "இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் ஏறினேன்" என்கிறார் குட்டியானை ஓட்டுநர். பக்கத்து டீக்கடையிலிருந்து கையில் கிளாஸோடு வந்தவர் தீர்ப்பே சொல்லிவிடுகிறார்: "பின்னாடி வந்து இடிச்சவன் மேலதாம்ப்பா தப்பு."

காட்சி கற்பனைதான். ஆனால் இந்த மூன்று வாசகங்களையும் நெடுஞ்சாலையில் போகும் எவரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டில் நடந்த 4,61,312 விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பின்னாலிருந்து மோதியவை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த மாநிலம் தமிழ்நாடு. ஆகவே டீக்கடைத் தீர்ப்பைக் கொஞ்சம் நிதானமாக விசாரிக்க வேண்டியிருக்கிறது.

தீர்ப்பின் பூர்வீகம்

டீக்கடையிலிருந்து வந்தவர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு என்று தள்ளிவிட முடியாது. முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றாலும் மோதாமல் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே, 23ஆவது விதியாக, இருந்தது. அந்த விதிகளின் இடத்தில் 2017இல் வந்த புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன. 2018இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், லாரிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. லாரி திடீரென்று பிரேக் போட்டதே விபத்துக்குக் காரணம் என்பது கார் தரப்பின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பத்துப் பதினைந்து அடி என்பது பாதுகாப்பான இடைவெளியே இல்லை என்று சொல்லி, காரை ஓட்டியவர் மீதே கவனக்குறைவைச் சுமத்தியது.

இரண்டு வண்டிகளும் ஒரே தடத்தில், ஒன்றின்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு சரி. இடைவெளியை முடிவு செய்யும் அதிகாரம் அங்கே பின்னால் வருபவரின் காலில் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து ஒரு வண்டி நுழையும்போது அந்த அதிகாரம் கைமாறிவிடுகிறது. பின்னால் வந்தவர் நூறு மீட்டர் இடைவெளி விட்டிருக்கலாம். அந்த நூறு மீட்டருக்கு நடுவே வேறொருவர் வந்து நின்றால், மிச்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானித்தவர் உள்ளே நுழைந்தவர்தான். அதனால்தான் பிரதான சாலைக்குள் நுழைபவர் அதில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது.

ஆக, ஒரே மோதலில் இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. எது மீறப்பட்டது என்பதை ஓட்டுநர்களின் வாக்குமூலத்தைவிட மீட்டரும் நொடியும் தெளிவாகச் சொல்லும்.

இருபது, நாற்பது, எழுபத்தைந்து

கார் மணிக்கு 90 கிலோமீட்டரில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 மீட்டர். குட்டியானை 36 கிலோமீட்டரில் ஏறியது. நொடிக்கு 10 மீட்டர். வேக வித்தியாசம் நொடிக்கு 15 மீட்டர். கார்க்காரர் எதுவும் செய்யாவிட்டால், இருவருக்கும் இடையில் உள்ள தூரம் நொடிக்கு 15 மீட்டர் வீதம் கரையும்.

அவர் எதையாவது செய்வதற்கும் நேரம் வேண்டும். கண் பார்க்க வேண்டும், மூளை ஆபத்து என்று புரிந்துகொள்ள வேண்டும், கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற வேண்டும். விபத்துகளை ஆராய்பவர்கள் இதற்குப் பொதுவாக ஒன்றரை நொடி கொடுக்கிறார்கள். சாலைகளை வடிவமைக்கும்போது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இன்னும் தாராளமாக 2.5 நொடி ஒதுக்குகிறது. நாம் ஒன்றரை நொடியையே எடுத்துக்கொள்வோம். அந்த ஒன்றரை நொடியில் 22.5 மீட்டர் கரைந்துவிடும்.

குட்டியானை உள்ளே வந்தபோது கார் 20 மீட்டர் தூரத்தில் இருந்தது என்றால், மோதுவதற்கு இருந்த நேரம் 1.3 நொடி. கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே மோதல் முடிந்துவிடும். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும் இதே கதிதான். இங்கே காரின் முகப்பு நசுங்கியிருந்தாலும் மோதலை உண்டாக்கியவர் முன்னால் இருப்பவர்.

அதே இடைவெளி 75 மீட்டராக இருந்திருந்தால், யோசிக்கப் போன 22.5 மீட்டர் போக 52.5 மீட்டர் மிச்சம். அந்தத் தூரத்துக்குள் குட்டியானையின் வேகத்துக்குக் காரை இறக்க, ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைக் குறைத்தால் போதும். சிவப்பு விளக்கைப் பார்த்து நாம் சாதாரணமாகப் போடும் பிரேக் அளவுதான் அது. இதற்குப் பிறகும் மோதினார் என்றால் அவர் சாலையைப் பார்க்கவில்லை என்று பொருள். செல்போனை மூன்று நொடி பார்த்தார் என்றால், 45 மீட்டர் அங்கேயே போய்விட்டது. நிமிர்ந்து பார்த்து, திடுக்கிட்டு, பிரேக்கைத் தொடும்போது 7.5 மீட்டர்தான் மிஞ்சும். அதற்குள் வேகத்தைக் குறைக்கும் பிரேக் எந்தக் காரிலும் இல்லை.

சிக்கல் 40 மீட்டரில் இருக்கிறது. யோசிக்கும் நேரம் போக 17.5 மீட்டர். அதற்குள் வேகம் குறைய வேண்டுமானால் நொடிக்கு 6.4 மீட்டர் வீதம் இறக்க வேண்டும். காய்ந்த சாலையில் பலமாக பிரேக் பிடித்தால் பொதுவாகக் கிடைப்பது ஏறக்குறைய 7. அதாவது, பிரேக்கை முழுதாக மிதித்தால் மயிரிழையில் தப்பலாம். மழைநீர் தேங்கிய சாலையில் தப்ப முடியாது. பாதை போடுபவர்கள் ஒதுக்கும் 2.5 நொடியைக் கொடுத்தால் பிரேக்கைத் தொடும்போது மிஞ்சுவது இரண்டரை மீட்டர். இந்த இடத்தில் தவறு ஒருவர் பக்கம் மட்டும் இருக்காது. தப்புவதே அரிதான அளவு நெருக்கத்தில் ஒருவர் நுழைந்திருக்கிறார். மற்றவரோ தப்புவதற்கு இருந்த குறுகிய வாய்ப்பை எப்படிப் பயன்படுத்தினார் என்பதைக் காட்ட வேண்டும்.

வேகமும் இந்தக் கணக்கைப் புரட்டும். 75 மீட்டர் இடைவெளி இருந்தும் கார் 120 கிலோமீட்டரில் வந்திருந்தால், தேவைப்படும் பிரேக் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டருக்கு அருகே ஏறிவிடும். குட்டியானை ஓட்டுநர் சரியாகக் கணித்துத்தான் ஏறியிருப்பார். கார்க்காரரின் வேகம் அந்தக் கணிப்பைப் பொய்யாக்கியிருக்கும்.

கண்ணுக்கு எட்டாத வேகம்

இருவரும் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. இருவருடைய கண்ணும் அவர்களை ஏமாற்றியிருக்கலாம்.

கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலைப் பாருங்கள். அதன் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு பாகை. நூறு மீட்டருக்கு அப்பால் போகும் குட்டியானையும் ஏறக்குறைய அதே அளவில்தான் தெரியும். 50 மீட்டரில் இரண்டு மடங்கு, 25 மீட்டரில் நான்கு மடங்கு. நமது காரிலிருந்து பார்த்தால் முதல் 50 மீட்டர் கரைய மூன்று நொடிக்கு மேல் ஆகிறது. அத்தனை நேரமும் உருவம் ஒரு பாகை அளவுக்குத்தான் பெருக்கிறது. எதுவும் நடக்காதது போலவே இருக்கும். அடுத்த ஒன்றே முக்கால் நொடிக்குள் அது இன்னும் இரண்டு பாகை பெருத்து, திடீரென்று கண்ணாடியை நிறைக்க வருவது போலத் தோன்றும். "திடீர்னு வந்துட்டான்" என்பது பல நேரங்களில் கண் உண்மையாகவே கண்ட காட்சி.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பிரேக் விளக்கு ஒரு வண்டி வேகத்தைக் குறைக்கிறது என்பதைத்தான் சொல்லும். மெதுவாகப் போகிறது என்பதைச் சொல்லாது. அப்போதுதான் ஏறிய வண்டி பிரேக் பிடிப்பதில்லை, வேகமெடுக்கிறது. ஆகவே அதன் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் வருபவருக்கு அது தன்னைப் போலவே ஓடும் இன்னொரு வண்டியாகத் தெரிகிறது.

குட்டியானை ஓட்டுநரின் நிலையும் இதுதான். பக்கக் கண்ணாடி சற்றே குவிந்தது. பரந்த காட்சியைக் காட்டுவதற்காக உருவங்களைச் சிறிதாக்கும். சிறிதாகத் தெரிவதை மூளை தொலைவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். கண்ணாடியில் தெரிவது உண்மையில் இன்னும் அருகில் இருக்கிறது என்று அதிலேயே அச்சடித்திருப்பது இதனால்தான். கண்ணாடியை ஒருமுறை பார்த்தால் பின்னால் ஒரு வண்டி இருப்பது தெரியும். அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பது, இரண்டு நொடி விட்டு மறுபடி பார்த்தால்தான் தெரியும்.

வண்டி சொல்லும் சாட்சி

இடைவெளி 20 மீட்டரா 75 மீட்டரா என்பதை விபத்துக்குப் பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் தடயம் நசுங்கிய இடம். நம் நாட்டில் இடதுபுறம் ஓட்டுகிறோம். சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறும் வண்டி இடப்பக்கமிருந்து வலது நோக்கிச் சாய்வாக வரும். முழுதாக ஏறி நேராவதற்குள் மோதல் நடந்திருந்தால், அதன் வலது பின்மூலையும் காரின் இடது முன்மூலையும் நசுங்கியிருக்கும். பின்புறம் முழு அகலத்துக்கும் சமமாக உள்வாங்கியிருந்தால், வண்டி தடத்துக்குள் வந்து நேராகிவிட்டது என்று பொருள். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் கார்க்காரர் என்ன செய்தார் என்ற கேள்வி எழும்.

இந்த ஒரு தடயத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. கடைசி நொடியில் கார்க்காரர் வலப்பக்கம் ஒடித்திருந்தாலும் இதே மூலைகள்தான் நசுங்கும். அப்போது சாய்ந்திருந்தது எந்த வண்டி என்று பார்க்க வேண்டும். தகடு எந்தத் திசையில் மடங்கியிருக்கிறது, டயர் தடம் எந்த இடத்தில் வளைகிறது என்பவை அதைச் சொல்லும்.

அடுத்தது பம்பரின் உயரம். பலமாக பிரேக் பிடிக்கும் காரின் மூக்கு கீழே அமிழும். முன்னால் இருந்த வண்டியில் விழுந்த அடி, காரின் பம்பர் வழக்கமாக இருக்கும் உயரத்துக்குக் கீழே இருந்தால், மோதும் நேரத்தில் பிரேக் பிடிக்கப்பட்டிருந்தது என்று ஊகிக்கலாம்.

டயர் தேய்ந்த கறுப்புத் தடம் வேகத்தையே சொல்லும். காய்ந்த தார்ச் சாலையில் 20 மீட்டர் தேய்த்துக்கொண்டு போய் ஒரு கார் நின்றிருந்தால், தேய்க்கத் தொடங்கியபோது அதன் வேகம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தேய்த்தும் நிற்காமல் மோதியிருந்தால், மோதலில் செலவான ஆற்றலையும் சேர்த்து வேகம் அதற்கு மேலே போகும். ஆனால் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. சக்கரம் பூட்டிக்கொள்ளாததால் கறுப்புத் தடம் மங்கலாக விழும், சில சமயம் விழாமலேயே போகும். தடம் இல்லை, ஆகவே பிரேக்கே பிடிக்கவில்லை என்று இன்று யாரும் வாதாட முடியாது.

"இண்டிகேட்டர் போட்டேன்" என்ற சொல்லையும் சோதிக்கலாம். பழைய வகை பல்பாக இருந்தால் அதன் உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை ஒரு சாட்சி. எரிந்துகொண்டிருக்கும்போது அந்த இழை இரண்டாயிரம் பாகை செல்சியசுக்கு மேல் காய்ந்து இளகியிருக்கும். மோதலின் உலுக்கலில் சுருள் இழுபட்டு நீண்டுவிடும். கண்ணாடி உடைந்து காற்றுப் பட்டிருந்தால் அதன்மேல் வெளிர்மஞ்சள் பொடியும் படியும். அணைந்திருந்த இழை குளிர்ந்து விறைத்திருக்கும். உலுக்கினால் நீளாது, முறிந்துபோகும். நெல் அளவுகூட இல்லாத ஒரு கம்பிச்சுருள், ஓட்டுநர் சொன்னது மெய்யா என்று காட்டிவிடும். எல்இடி விளக்கு வந்தபின் இந்தச் சாட்சி மறைந்துகொண்டிருக்கிறது.

அதன் இடத்துக்கு வருபவை டேஷ்கேமும் வண்டிக்குள்ளேயே இருக்கும் பதிவுக் கருவியும். அமெரிக்காவில் கார்களில் உள்ள பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய ஐந்து நொடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் பதிந்து வைக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. 2024 டிசம்பரில் அங்கே அதை இருபது நொடியாக நீட்டி ஆணையிட்டார்கள். மோதலை உண்டாக்கிய முடிவு பல நேரங்களில் அந்த ஐந்து நொடிக்கும் முன்பே எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே காரணம்.

பங்கு பிரிக்கும் நீதிமன்றம்

தவறு முழுதும் ஒருவருடையது என்று எப்போதும் சொல்ல வேண்டியதில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் அதைச் சதவீதமாகப் பிரிக்கின்றன.

கோவையில் 2017 ஜனவரியில் நடந்த ஒரு விபத்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று நின்றது. கர்ப்பிணியான மனைவிக்குக் குமட்டியதால் நிறுத்தியதாக அதன் ஓட்டுநர் சொன்னார். பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் காரில் மோதிச் சாலையில் விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த பேருந்து ஏறியதில் இடது காலை இழந்தார். தீர்ப்பாயம் கார் மீது பொறுப்பே சுமத்தவில்லை. பின்னால் வந்த பேருந்து, பைக் இரண்டுக்கும் இடையிலேயே பழியைப் பிரித்தது. உயர் நீதிமன்றம் காருக்கும் 40 சதவீதம் பொறுப்பு உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றி, காருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. வேகமாக வண்டிகள் ஓடும் நெடுஞ்சாலையில் நிறுத்த நினைப்பவர் பின்னால் வருபவர்களுக்கு முன்கூட்டியே சைகை காட்ட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இடைவெளி விடாததும் உரிமம் இல்லாமல் ஓட்டியதும் மாணவர் பங்கில் சேர்ந்தன. அந்த 20 சதவீதம் கழித்து அவருக்குக் கிடைத்தது சுமார் 91 லட்சம் ரூபாய்.

எனவே முன்னால் இருப்பவருக்கு எப்போதும் மன்னிப்பு உண்டு என்று நினைக்க வேண்டாம். பின்னால் மோதியும் ஐந்தில் ஒரு பங்கு பொறுப்போடு ஒருவர் வெளிவந்திருக்கிறார்.

வண்டியில் சும்மா உட்கார்ந்து வந்தவருக்கு இந்தப் பிரிவினையால் நட்டமில்லை. இருவர் கவனக்குறைவால் மூன்றாமவர் அடிபட்டால், முழு இழப்பீட்டையும் இருவரில் எவரிடமிருந்தும் கேட்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பங்குச் சண்டையை அவர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சாலையும் ஒரு தரப்பு

இதுவரை இரண்டு ஓட்டுநர்களை விசாரித்தோம். மூன்றாவது தரப்பு வாய் திறப்பதில்லை. 40 கிலோமீட்டரில் வரும் கார் 80 கிலோமீட்டர் எடுக்க, சாதாரண வேகமுடுக்கத்தில் ஏழு நொடிக்கு மேலும் 120 மீட்டருக்கு மேலும் ஆகும். சுமை ஏற்றிய குட்டியானைக்கு இன்னும் கூடும். இதற்காகத்தான் நுழைவாயிலையடுத்து, பிரதான தடத்துக்குப் பக்கத்திலேயே வேகமெடுக்க ஒரு தனித் தடம் போட வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் பல சர்வீஸ் ரோடு திறப்புகளில் அந்தத் தடத்தைக் காண முடியாது. தடுப்புச்சுவரில் ஓர் இடைவெளி, அதைத் தாண்டியதும் நேரே வேகத்தடம். வேகமெடுக்க இடமில்லாதவர் அடுத்தவருடைய தடத்தில்தான் வேகமெடுக்க வேண்டியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரப்படி சாலை அமைக்கத் தவறும் அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. விபத்து நடந்த இடத்தை ஆராய்பவர்கள் அந்தத் திறப்பின் அகலத்தையும் நீளத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஒரு நொடி

நீங்கள் இப்படி ஒரு மோதலில் சிக்கினால், அடிபட்டவர்களைக் கவனித்தபின், வண்டிகளை ஓரங்கட்டும் முன் நாலாபுறமும் படம் எடுங்கள். நசுங்கிய மூலை, டயர் தடம், விளக்குகள், சாலைக் கோடு, திறப்பு எல்லாமே படத்தில் வரட்டும். டேஷ்கேம் இருந்தால் அதன் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சண்டை எதையும் நிரூபிக்காது.

சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுகிறவரா? கண்ணாடியை இருமுறை பாருங்கள். சந்தேகமிருந்தால் நில்லுங்கள். 75 மீட்டர் தூரத்தில் 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் உங்களைத் தாண்டிப் போக மூன்று நொடி ஆகும். தப்பவே வழியில்லை என்று நாம் கணக்குப் போட்ட அந்த 20 மீட்டர் கார் தாண்டிப் போக ஒரு நொடிகூட ஆகாது.